மேடையில் பிள்ளைகள், தரையில் பெற்றோர்



ஊர்ப் பெரியவர்கள் மேடையில் வீற்றிருப்பதும், பிள்ளைகள் கீழே அமர்ந்து செவிமடுப்பதும் எங்குமுள்ள வழக்கம். அவ்வழக்கத்தை ஒரு பகற்பொழுதுக்கேனும் மாற்றி வைத்துப் பார்த்த ஒரு நாட்டின் செய்தியை இம்மாதம் சொல்ல விழைகிறேன். நாடு தென்னாப்பிரிக்கா, மாகாணம் குவாசூலு-நட்டால். நமக்கு முற்றிலும் அந்நியமான மண் அன்று அது. 1860ஆம் ஆண்டு நவம்பர் 16ஆம் நாள், சென்னையிலிருந்து ஒப்பந்தக் கூலிகளை ஏற்றிச் சென்ற 'ட்ரூரோ' என்னும் கப்பல் கரை சேர்ந்தது அம்மாகாணத்தின் டர்பன் துறைமுகத்தில்தான். ஆயினும் நான் சொல்லப் போவது அங்குக் குடியேறியவர்களைப் பற்றியதன்று. அம்மண்ணின் மக்களாகிய சூலு இனத்துப் பள்ளிப் பிள்ளைகளைப் பற்றியது.

1990களின் தொடக்கத்தில், சூலுலாந்துப் பல்கலைக்கழகத்தின் நாடகப் பேராசிரியை லின் டால்ரிம்பிள் அம்மையார், எய்ட்ஸ் நோயைப் பற்றிப் பள்ளிகளில் நாடகத்தின் வழியே கற்பிக்கும் பணி ஒன்றைத் தொடங்கினார். 'டிராமெய்ட்' என்பது அதன் பெயர். அதன் நடைமுறை எளிமையானது. முதலில் இளம் நடிகர்கள் சிலர், ஒரு செவிலியரோடு பள்ளிக்கு வருவர். சூலு மொழியில் ஒரு நாடகம் நிகழும். நாடகம் முடிந்ததும் செவிலியர் பிள்ளைகளின் கேள்விகளுக்கு விடை சொல்வார். இத்துடன் மூட்டை கட்டிக்கொண்டு போய்விட்டிருந்தால், ஆண்டுக்கு ஒருமுறை நம் பள்ளிக்கூடங்களில் நடக்கும் சடங்குகளுள் ஒன்றாக அதுவும் ஒழிந்திருக்கும். அவர்கள் மீண்டும் வந்தார்கள். ஆசிரியர்களையும் மாணவர்களையும் வட்டமாக அமர்த்தி, நாடகம் கட்டுவது எப்படி என்று பழக்கினார்கள். கடைசியில் பள்ளியில் ஒரு விழா நாள் குறிக்கப்படும். தாய் தந்தையர், பாட்டன்மார், ஊர்ப் பெரியவர்கள் எல்லோருக்கும் அழைப்புப் போகும். அன்று மேடை ஏறுவோர் பல்கலைக்கழக நடிகர்கள் அல்லர். அந்தப் பள்ளியின் பிள்ளைகளே. தாமே கட்டிய நாடகத்தை, தாமே இயற்றிய பாட்டை, தம் ஆட்டத்தைப் பெற்றோர் முன் நிகழ்த்துவர். பெற்றோர் கீழே அமர்ந்து பார்ப்பர்.

இதில் என்ன அதிசயம் என்று கேட்கலாம். சூலு மக்களின் குடும்ப ஒழுங்கைச் சற்று அறிந்தால் விளங்கும். அவர்களிடம் 'ஹ்லோனிபா' என்றொரு மரியாதை முறை உண்டு. வீட்டுக்கு வந்த மருமகள் மாமனாரின் பெயரைச் சொல்லலாகாது. அப்பெயரின் ஒலி வரும் வேறு சொற்களைக்கூடத் தவிர்த்துப் பேச வேண்டும். கணவன் பெயரைச் சொல்லாமல் 'உங்க வாப்பா' என்று பிள்ளைகளின் பெயரால் அழைத்தே வாழ்ந்து முடித்த நம் பாட்டிமார்களை நினைத்துக்கொள்ளுங்கள். அத்தகைய வீட்டில், ஆண் பெண் உறவைப் பற்றியும் அதனால் பரவும் நோயைப் பற்றியும் பிள்ளை பெற்றோரிடமோ, பெற்றோர் பிள்ளையிடமோ வாய் திறப்பது எங்ஙனம்? ஆனால் அதே சூலு மரபு பாட்டுக்கு ஒரு சலுகை கொடுத்திருந்தது. அரசனையே புகழும் பாடலுக்குள், அவன் குறையையும் புலவன் சொல்லலாம், அது குற்றமாகாது. பேச்சில் மரியாதைக் குறைவாகப் படுவது பாட்டில் படுவதில்லை. டிராமெய்ட் தட்டியது அந்தக் கதவைத்தான்.

அந்த வீடுகளின் மௌனத்துக்கு விலை மிகப் பெரிதாக இருந்தது. ஜோஹானஸ்பர்க்கின் தங்கச் சுரங்கங்களுக்கு வேலைக்குப் போன ஆண்கள் ஆண்டில் பெரும்பகுதியை ஆண்களுக்கான விடுதிகளில் கழித்தார்கள். வெள்ளையர் ஆட்சியின் சட்டம் மனைவியை உடன் அழைத்துச் செல்லவும் விடவில்லை. ஊரில் மனைவி, நகரத்தில் கணவன். விடுமுறைக்கு வரும்போது பெட்டியில் துணிமணி கொண்டு வந்தான். தான் அறியாமலே நோயையும் கொண்டு வந்தான். தென்னாப்பிரிக்க அரசு மருத்துவமனைகளுக்கு வந்த கர்ப்பிணிப் பெண்களில், 1990ஆம் ஆண்டு நூற்றுக்கு ஒருவருக்கும் குறைவானவர்களிடமே எச்.ஐ.வி. கிருமி காணப்பட்டது. 2000ஆம் ஆண்டு அது ஏறத்தாழ நால்வரில் ஒருவர் என்றாயிற்று. குவாசூலு-நட்டாலில் மூவரில் ஒருவருக்கும் அதிகம். இவர்கள் யார்? பெரும்பாலோர் வீட்டில் இருந்த பெண்கள். 'ஒழுக்கக் கேட்டுக்கு இறைவன் தந்த தண்டனை' என்று ஒரே வரியில் தீர்ப்பு எழுதிவிடுவோர் இவ்விடத்தில் சற்று நிதானிக்க வேண்டும்.

வாய் திறந்தவர்கள் பட்ட பாட்டையும் சொல்ல வேண்டும். டர்பனை அடுத்த குவாமாஷு என்னும் குடியிருப்பைச் சேர்ந்த குகு டிலாமினி என்ற பெண்மணி, 1998ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் உலக எய்ட்ஸ் தினத்தையொட்டித் தமக்கு இக்கிருமி இருப்பதை வெளிப்படையாகச் சொன்னார். சில நாட்களுக்குள் சொந்தத் தெருவைச் சேர்ந்தவர்களாலேயே அடித்துக் கொல்லப்பட்டார். அத்தகைய ஊர்களில்தான் பதினைந்து பதினாறு வயதுப் பிள்ளைகள் இந்நோயைப் பற்றி மேடையில் பாடினார்கள். 'நாடகம்தானே, பாட்டுத்தானே' என்று நாம் எளிதாகச் சொல்லிவிடுகிறோம்.

இதே காலத்தில், இதே நாட்டில் வேறொரு நாடகமும் நடந்தது. சோவெட்டோ மாணவர் எழுச்சியைப் பற்றிய 'சரஃபினா' என்ற புகழ்பெற்ற இசை நாடகத்தை ஆக்கிய ம்போங்கெனி ங்கெமாவிடம், 1995ஆம் ஆண்டு நாட்டின் சுகாதாரத் துறை 'சரஃபினா 2' என்றொரு எய்ட்ஸ் நாடகத்தைத் தயாரிக்கும்படி ஒப்படைத்தது. தொகை ஒரு கோடியே நாற்பத்திரண்டு லட்சம் ராண்டுக்கு மேல். விளக்கு, உடை, வாத்தியக் குழு, பயணப் பேருந்து எல்லாம் ஆடம்பரம். ஒப்பந்தம் வழங்கிய முறை பற்றிக் கேள்விகள் எழுந்தன; 1996இல் பொதுக் குறைதீர் அதிகாரி விசாரித்து முறைகேடுகளைச் சுட்டிக்காட்டினார். நாடகத்தில் எய்ட்ஸ் பற்றிய செய்தி போதுமானதாகவும் இல்லை, சரியாகவும் இல்லை என்று அத்துறையில் உழைத்தவர்களே சொன்னார்கள். அவ்வாண்டே திட்டம் நின்றுபோயிற்று. பணம் கொட்டினால் விழிப்புணர்வு விளையும் என்ற எண்ணம் நம் நாட்டிலும் இருக்கிறது. சுவரொட்டி அச்சடிப்பவர்களுக்கு அதனால் நன்மையே.

சிறிய நாடகங்களால் பயன் விளைந்ததா என்பதை அளந்தும் பார்த்திருக்கிறார்கள். குவாசூலு-நட்டாலில் ஏழு இணைப் பள்ளிகளைத் தேர்ந்து, ஒவ்வோர் இணையிலும் ஒரு பள்ளிக்கு எய்ட்ஸ் பற்றிய சிற்றேட்டை மட்டும் கொடுத்தனர். மற்றதில் நாடக வழிக் கல்வியை நடத்தினர். 2000ஆம் ஆண்டு வெளியான அந்த ஆய்வின்படி, நாடகம் நடந்த பள்ளிகளில் பிள்ளைகளின் அறிவும், நோயாளிகளைப் பற்றிய மனப்பான்மையும் சிற்றேடு பெற்ற பள்ளிகளைவிட மேம்பட்டிருந்தன. இதை மிகைப்படுத்தவும் கூடாது. அந்த ஆண்டுகளிலும் நோய் பெருகியே வந்தது. அன்றைய அதிபர் தாபோ உம்பெக்கி, இக்கிருமிதான் நோய்க்குக் காரணமா என்றே ஐயுற்றார். அரசு மருத்துவமனைகளில் கூட்டு மருந்துச் சிகிச்சை பரவலாகக் கிடைக்கத் தொடங்கியது 2004இல்தான். பாட்டு மருந்தாகாது. மருந்து இருக்குமிடத்துக்கு வெட்கப்படாமல் நடந்து போகும் துணிவை அது தரும், அவ்வளவே.

அந்நாட்டு முஸ்லிம்கள் என்ன செய்தார்கள் என்று வாசகர் கேட்பது நியாயம். தொடக்கத்தில் அவர்களும், 'இது நமக்கில்லை' என்றே இருந்தனர். கேப் டவுன் நகரில் ஃபக்மீதா மில்லர் என்ற சகோதரி, கணவரை இழந்த பின்னரே தமக்கும் கிருமி இருப்பதை அறிந்தார். 1990களின் நடுவில் அவர் அதை வெளிப்படையாகச் சொன்னபோது, அந்நாட்டு முஸ்லிம் பெண்களில் அவ்வாறு சொன்ன முதல் பெண் அவரே. 2000ஆம் ஆண்டு, அவரும் மார்க்க அறிஞர் ஃபரீத் இஸாக் உள்ளிட்ட சிலரும் சேர்ந்து 'பாசிட்டிவ் முஸ்லிம்ஸ்' என்ற அமைப்பைத் தொடங்கினர். 'எப்படி வந்தது?' என்று நோயாளியிடம் கேட்பதில்லை என்பது அவர்கள் கைக்கொண்ட ஒழுக்கம். நாயகம் (ஸல்) அவர்கள் தமக்குப் பணிவிடை செய்த யூதச் சிறுவன் நோயுற்றபோது அவன் வீடு தேடிச் சென்றார்கள் என்று நாமும் மேடைதோறும் பேசுகிறோம்.

இனி நம் வீட்டுக்கு வருவோம். இந்தியாவில் இக்கிருமி முதன்முதலில் கண்டறியப்பட்டது 1986ஆம் ஆண்டு, நம் சென்னையில். சென்னை மருத்துவக் கல்லூரியின் டாக்டர் சுநிதி சாலமன் அம்மையாரின் முயற்சியில் அது வெளிப்பட்டது. ஆண்டுகள் பல கடந்தும் நம் குடும்பங்களில் அப்பெயரை உச்சரிப்பதில்லை. ஆனால் சூலு நாட்டுச் சுரங்கத் தொழிலாளியின் வீட்டைப் பற்றிப் படித்தபோது, எனக்குச் சபராளிகளின் வீடுகளே கண்முன் நின்றன. ஆண்டுக் கணக்கில் கணவர் வளைகுடாவில், மனைவி ஊரில். பெரும்பாலோர் அல்லாஹ்வுக்கு அஞ்சி மானத்தோடு வாழ்கிறவர்கள் என்பதில் ஐயமில்லை. ஆயினும் தனிமை எல்லா மனிதரையும் சோதிக்கும். விசாவுக்காக எடுக்கும் மருத்துவப் பரிசோதனையில் கிருமி தெரிந்தால் வளைகுடா நாடுகள் அனுமதிப்பதில்லை; அங்கே இருக்கும்போது தெரிந்தால் திருப்பி அனுப்பிவிடுகின்றன. அப்படித் திரும்பியவர், 'முதலாளி சரியில்லை' என்று வீட்டில் சொல்கிறார். மனைவியிடமும் உண்மையைச் சொல்வதில்லை. அந்தப் பொய்யின் விலையை யார் கொடுக்கிறார்?

சில ஆண்டுகளுக்கு முன், கடலோர ஊர் ஒன்றில் அவ்விதம் திரும்பி வந்தவர் ஒருவர் இறந்தார். ஊர்ப் பெயர் வேண்டாம். செய்தி எப்படியோ கசிந்துவிட்டது. மய்யித்தைக் குளிப்பாட்ட வழக்கமாக வருபவர் வர மறுத்தார். பெட்டியோடு அப்படியே அடக்கிவிடலாமா என்று வாசலில் நின்று பேசிக்கொண்டிருந்தார்கள். நானும் அங்கிருந்தவர்களில் ஒருவன். நானும் வாய் மூடியே நின்றேன். அப்போது இறந்தவரின் தங்கை மகன், கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிப்பவன், முன்னால் வந்தான். "மாமாவை நான் குளிப்பாட்டுகிறேன். கையுறை போட்டுக்கொண்டால் போதும், ஒன்றும் ஆகாது" என்றான். 'உனக்கு எப்படித் தெரியும்?' என்று ஒரு பெரியவர் அதட்டினார். தன் கல்லூரியின் செஞ்சுருள் சங்கத்தில் வீதி நாடகம் போட்டதாகவும், அதில் டாக்டர் வேடம் தனக்கு என்றும், வசனத்துக்காக அரசு மருத்துவமனைக்குப் போய் எல்லாவற்றையும் கேட்டு எழுதி மனப்பாடம் செய்ததாகவும் அவன் சொன்னான். ஒருவர் சிரித்தார். வேறொருவர் சட்டைக் கையை மடித்துக்கொண்டு அவனுடன் உள்ளே போனார். சுன்னத்தான முறையில் குளிப்பாட்டிக் கபனிட்டார்கள்.

அன்றுமுதல் எனக்கு இந்த நாடக விஷயத்தில் ஓர் ஈடுபாடு. நாடகம், இசை என்றால் நம் உலமாக்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. அதை நான் அறியாதவன் அல்லன். ஆனால் மஸ்ஜிதுந் நபவியில் கவிஞர் ஹஸ்ஸான் இப்னு தாபித் (ரலி) அவர்கள் கவிதை பாடுவதற்கென்று மிம்பர் வைக்கப்பட்டிருந்தது என்பதையும் அதே உலமாக்கள்தாம் நமக்குச் சொன்னார்கள். வாத்தியமும் வேண்டாம், வேடமும் வேண்டாம். நம்மிடமே ஒரு வடிவம் இருக்கிறது. நமக்கு முழுமையாகக் கிடைத்துள்ள தமிழ் இஸ்லாமிய இலக்கியங்களுள் மிகப் பழையது 1572இல் வண்ணப்பரிமளப் புலவர் இயற்றிய 'ஆயிர மசலா'. அது முழுவதும் கேள்வியும் பதிலுமே. அப்துல்லாஹ் இப்னு ஸலாம் (ரலி) வினவ, நபி (ஸல்) அவர்கள் விடையளிப்பதாக அமைந்தது. கேள்வி கேட்பதையே இலக்கியமாக்கிய சமுதாயம் நாம். நம் மதரஸா ஆண்டு விழாக்களில் பிள்ளைகள் இருவர் மூவர் நின்று நடத்தும் உரையாடல் அந்த மசலாவின் பேரப்பிள்ளைதான். ஒளுவின் பர்ளுகளையும் நோன்பின் சட்டங்களையும் அதில் கேட்டுச் சொல்கிறார்கள். பெண்கள் மட்டும் அமர்ந்திருக்கும் பகுதியில் பெரிய வகுப்புப் பெண்பிள்ளைகள் இப்படியும் கேட்டுச் சொல்லலாம்:

"ராத்தா, அந்த நோயுள்ளவரோடு ஒரே சஹனில் சோறு சாப்பிட்டால் தொற்றுமா?"

"தொற்றாது தங்கச்சி. ஸலாம் சொல்லிக் கை கொடுத்தாலும் தொற்றாது; ஹவுளில் சேர்ந்து ஒளுச் செய்தாலும் தொற்றாது; கொசு கடித்தாலும் தொற்றாது."

"பிறகு எப்படித்தான் தொற்றும்?"

"கிருமியுள்ளவரோடு கூடும் உறவால், அவர் இரத்தத்தால், அவருக்குப் போட்ட ஊசியால். மருந்து சாப்பிடாத தாய்க்கு இருந்தால், வயிற்றுப் பிள்ளைக்கும் பால் குடிக்கும் பிள்ளைக்கும் தொற்றலாம்."

"அப்படியானால் அந்தத் தாய்க்குப் பிள்ளையே கூடாதா?"

"யார் சொன்னது? கர்ப்பமான உடனே பரிசோதித்து மருந்து எடுத்துக்கொண்டால், நூற்றில் தொண்ணூற்றைந்துக்கும் மேற்பட்ட பிள்ளைகள் கிருமியில்லாமல் பிறந்து வளர்கிறார்கள். மருந்தை நாள் தவறாமல் சாப்பிட்டு, இரத்தத்தில் கிருமி கண்ணுக்கே தெரியாத அளவுக்கு இறங்கிவிட்டால், கணவரிடமிருந்து மனைவிக்கும் அது தொற்றுவதில்லை."

"பரிசோதனைக்குப் போனால் ஊருக்கே தெரிந்துவிடுமே, ராத்தா?"

"அரசு மருத்துவமனையில் நம்பிக்கை மையம் என்று இருக்கிறது. அங்கே காசு வாங்குவதில்லை. நம் சம்மதமின்றி வெளியே சொல்லக்கூடாது என்று 2017ஆம் ஆண்டுச் சட்டமே இருக்கிறது."

இவ்வளவுதான். பத்து நிமிடமும் ஆகாது. ஆண்பிள்ளைகளுக்கு வேறு மசலாக்கள் வேண்டியிருக்கும். கத்னா செய்யும்போது ஒவ்வொரு பிள்ளைக்கும் புதிய பிளேடு ஏன் என்பதை அவர்கள் கேட்கட்டும். ஜோஹானஸ்பர்க்கை அடுத்த ஆரஞ்ச் ஃபார்ம் என்னுமிடத்தில் நடந்து 2005இல் வெளியான ஆய்வும், அதன்பின் கென்யா, உகாண்டா ஆய்வுகளும், கத்னா செய்துகொண்ட ஆண்களுக்குப் பெண்களிடமிருந்து இக்கிருமி தொற்றும் வாய்ப்பு ஏறத்தாழ அறுபது சதவிகிதம் குறைவதாகக் காட்டின. ஷாக்கா மன்னரின் காலத்தில் கைவிட்ட அவ்வழக்கத்தை மீண்டும் மேற்கொள்ளுமாறு சூலு மன்னர் 2009இல் தம் மக்களை அழைத்ததும் அதனால்தான். நமக்கு அது மகிழ்ச்சி தரும் செய்தியே. ஆனால் எஞ்சிய நாற்பதை எந்தப் பிள்ளையும் மறந்துவிடலாகாது. 'நமக்குக் கத்னா ஆகிவிட்டது, இனிக் கவலையில்லை' என்று பேசித் திரியும் இளைஞர்களை நான் நேரிலேயே கேட்டிருக்கிறேன்.

ஒன்று நிச்சயம் நடக்கும். 'சின்னப் பெண்களை இதையெல்லாம் பேச வைப்பதா?' என்று ஜமாஅத்தில் ஒருவர் எழுவார். அவருடைய கவலை நியாயமற்றதன்று. மாதவிடாயும் குளிப்புக் கடமையும் பற்றி ஃபிக்ஹு நூல்களில் இருப்பதை இதே பெண்பிள்ளைகளுக்கு உஸ்தாத் பீவிமார்கள் வெட்கமின்றி, விரசமுமின்றிக் கற்பிக்கிறார்கள் என்பதை அவருக்குப் பணிவாக நினைவூட்டலாம். அதற்குப் பின்னும் ஒப்பவில்லையென்றால், முதல் ஆண்டு நோயாளியைப் பேணுவதையும் மய்யித்தின் கடமைகளையும் பற்றிய கேள்விகளோடு நிறுத்திக்கொள்ளுங்கள். மற்றவை மறு ஆண்டு தாமே வரும்.

நம் மதரஸா மாணவ மாணவியரும் கல்லூரிப் பிள்ளைகளும் இப்படி மசலாக்களை எழுதி அனுப்பினால், இப்பகுதியில் வெளியிட இடம் தருவதாக ஆசிரியர் இசைந்துள்ளார். இரண்டு நிபந்தனைகள். அனுப்புமுன் அருகிலுள்ள நம்பிக்கை மையத்தின் ஆலோசகரிடமோ செவிலியரிடமோ படித்துக் காட்டித் தவறு திருத்திக்கொள்ள வேண்டும். இரண்டாவது, எழுதியதை முதலில் வீட்டில் உம்மாவுக்கு வாசித்துக் காட்ட வேண்டும். அப்போது உம்மா என்ன கேட்டார்கள் என்பதையும், முடிந்தால், கீழே எழுதி அனுப்புங்கள்.